கொள்ளும் குளம்பும்



தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழையகாயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. 700 ஆண்டுகளுக்கு முன்னால் பாண்டியர்களின் பெரிய துறைமுகமான காயல் அந்தப் பகுதியில்தான் இருந்தது. ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து வந்த கப்பல்கள் அங்கே குதிரைகளை இறக்கின. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ அந்த வியாபாரத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவாராம். அவருடைய சகோதரர்களும் அதேபோல் வாங்குவார்களாம். ஆண்டு முடியும்போது 100 குதிரைகூட மிஞ்சாதாம்.

அதற்கு அவர் சொல்லும் காரணம் நம்மைக் கொஞ்சம் உறுத்தும். இந்த நாட்டில் குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்த ஆட்களை வணிகர்கள் கப்பலில் ஏறவே விடுவதில்லை என்கிறார். பின்னே? குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்குக் கிராக்கி!

வெளியூர்க்காரர் கதை, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார் என்று தள்ளிவிடலாம். ஆனால் வசாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியரும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே புகாரை எழுதுகிறார். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வரை இங்கும் மற்ற இந்தியத் துறைமுகங்களுக்கும் வந்ததாகவும், ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை என்றும் கணக்குச் சொல்கிறார். வந்த குதிரைகளுக்கு இங்கே என்ன தீனி தெரியுமா? வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால். 40 நாள் லாயத்தில் கயிறும் முளையுமாகக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி விரட்டுவார்கள்.

அன்பில் குறையில்லை பாருங்கள். பாலும் வெண்ணெயும் கொடுத்திருக்கிறார்கள். அந்த அன்புதான் குதிரையைக் கொன்றிருக்கிறது. குதிரைக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை நாம் ஊட்டுவதாலும் கட்டிப்போடுவதாலும் வருகிறவை. ஆகவே குதிரை வைத்தியத்தில் பெரும்பகுதி மருந்துப் பெட்டியில் கிடையாது. தீனித் தொட்டியிலும் தண்ணீர் வாளியிலும் லாயத்துத் தரையிலும் இருக்கிறது. பின்னால் வந்த காலங்களில் நம்மூர் லாயக்காரர்களும் ராவுத்தர்களும் ஜட்கா வண்டிக்காரர்களும் இதை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். அவர்கள் அறிந்ததில் எது இன்றும் நிற்கும், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் வயிறு.

மாட்டுக்கு நான்கு அறை கொண்ட வயிறு. குதிரைக்கு ஒரே இரைப்பை. அத்தனை பெரிய உடம்புக்கு அது மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். புல்லின் நார் செரிப்பது அங்கேயல்ல, பின்னால் பெருங்குடலில், கோடிக்கணக்கான நுண்ணுயிர்களால். இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மாட்டைப்போல ஏப்பம் விட்டுக் காற்றை வெளியேற்றவும் முடியாது. உள்ளே போனது போனதுதான். ஒரே நேரத்தில் வயிறு நிறையத் தானியத்தைப் போட்டால், செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிறு உப்பும். அந்தப் புளிப்பு குளம்பு வரைக்கும் போய் வேலையைக் காட்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய லாயக்காரர்களின் வரிசை எளிமையானது. முதலில் தண்ணீர், பிறகு புல், கடைசியில் தானியம். தானியத்தையும் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளையாகப் பிரித்து வைப்பார்கள். தீனியை மாற்றுவதென்றால் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவார்கள். இன்றைய கால்நடை மருத்துவர் சொல்வதும் இதையேதான்.

கொள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பச்சையாகப் போடமாட்டார்கள். ஊறவைத்து, வேகவைத்து, ஆறவைத்துத்தான் முகத்தில் பையைக் கட்டுவார்கள். பச்சைக் கொள்ளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் உண்டு, சூட்டில் அவை அழியும். அந்த வேதியியல் வண்டிக்காரருக்குத் தெரியாது. வேகாத கொள்ளு தின்ற குதிரையின் லத்தி எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதுவே போதுமாக இருந்தது.

தவிட்டு விஷயத்தில்தான் பழைய வழக்கம் கொஞ்சம் சறுக்கியது. கோதுமைத் தவிடோ அரிசித் தவிடோ, அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தினமும் அதையே முக்கியத் தீனியாகக் கொடுத்தால், உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உருவ ஆரம்பிக்கும். முக எலும்பு வீங்கும், கால் எலும்பு பலவீனமாகும், குதிரை காரணம் தெரியாமல் நொண்டும். ஐரோப்பாவில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு இந்த நோய் நிறைய வந்தது. மில்லில் மிஞ்சுவது தவிடுதானே. எப்போதாவது ஒரு கை தவிடு தப்பில்லை. வாய்ப்பிருந்தால் தீனியில் குதிரை மசால் என்ற தீவனப் பயிரைச் சேருங்கள், சுண்ணாம்புச் சத்து அதில் நிறைய. கல்லுப்புக் கட்டி ஒன்று எப்போதும் நக்கக் கிடைக்கட்டும், ஏனென்றால் குதிரையின் வியர்வையோடு உப்பு நிறையப் போய்விடும்.

தண்ணீர் ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர், வெயில் காலத்தில் அதற்கும் மேல். ஓடிக் களைத்த குதிரைக்குத் தண்ணீரே காட்டக்கூடாது என்று ஒரு பழைய பயம் உண்டு. அது தேவையில்லாத பயம். கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டுக் குடிக்க விடலாம். களைப்போடு இருக்கும்போது தானியம் வைப்பதுதான் ஆபத்து.

வேலை இல்லாத நாளில் தானியத்தைக் குறைக்க வேண்டும். நாள்கணக்கில் கட்டிப்போட்டு முழுத் தீனி போட்டு, அப்புறம் திடீரென்று ஓட்டினால் பின்பக்கத் தசைகள் கட்டைபோல இறுகிவிடும். குதிரை நின்ற இடத்தில் நிற்கும், வியர்த்துக் கொட்டும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அந்த நிலையில் ஓர் அடிகூட நடத்தாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். வசாஃப் சொன்ன அந்த 40 நாளை இப்போது நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது வயிற்றுவலி. குதிரை வைத்திருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். முன்காலால் தரையைப் பறிக்கும். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். படுக்கும், எழும், மறுபடி படுத்துப் புரளும். மேலுதட்டைச் சுருட்டும். லத்தி போடாது.

ஓமம், சுக்கு, பெருங்காயம் கரைத்துக் கொடுப்பது நம்மூர் வைத்தியம். காற்றுப் பிடித்த சாதாரண வலிக்கு அது கொஞ்சம் இதமாக இருக்கலாம். ஒளிக்காமல் சொன்னால், அப்படிப்பட்ட வலிகளில் பல தாமாகவே இரண்டு மணி நேரத்தில் போய்விடும், பெயர் பெருங்காயத்துக்குக் கிடைக்கும். குடல் முறுக்கிக்கொண்ட வலிக்கு எந்தக் கஷாயமும் கேட்காது, அறுவை சிகிச்சைதான். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தொடங்கும் என்பதுதான் சிக்கல்.

கஷாயத்தைவிட ஆபத்தானது அதை ஊற்றும் முறை. தலையைத் தூக்கிக் கட்டி, மூங்கில் குழாயாலோ பாட்டிலாலோ ஊற்றுவார்கள். சிலர் மூக்கு வழியாகவே எண்ணெயை விடுவார்கள். ஊற்றியதில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகும். வயிற்றுவலி தீர்ந்த குதிரை நான்கு நாளில் நுரையீரல் அழற்சியில் சாகும். மருத்துவர் மூக்கு வழியாக இரைப்பை வரைக்கும் குழாயை இறக்கி, அது சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு மருந்து விடுவார். தேங்கிய காற்றும் நீரும் அதே குழாய் வழியாக வெளியே வரும். வீட்டில் செய்யக்கூடிய வேலையல்ல அது.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. தீனியை உடனே எடுத்துவிடுங்கள். புரண்டு சுவரில் அடிபடாதபடி மெதுவாக நடத்துங்கள். மணிக்கணக்கில் இழுத்தடிக்காதீர்கள், ஓட்டவே ஓட்டாதீர்கள். தாடை எலும்பின் கீழ் ஓரத்தில் விரலை வைத்து நாடியை எண்ணுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கருஞ்சிவப்பாகவோ நீலம் பாரித்தோ இருந்தால் நிலைமை மோசம். விலாவில் காதை வைத்துக் கேளுங்கள். வயிறு கடமுடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் நல்லது. நிசப்தமாக இருந்தால் நல்லதல்ல.

கடற்கரைக் குதிரைகளுக்கு இன்னொரு தொல்லை, மணல். மெரினாவைப் போன்ற இடங்களில் தரையிலேயே புல்லைப் போட்டால் புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கும். லத்தியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் தீனியை அன்றே தொட்டிக்கு மாற்றுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அவிழ்த்து விட்ட குதிரைகள் குப்பைமேட்டில் மேய்கின்றன. அங்கே மணலுக்குப் பதில் பிளாஸ்டிக் பை. சவாரிக்குக் காசு வாங்கும்போது நம் குதிரை, பசிக்கும்போது ஊர்க் குதிரை என்று இருப்பவர்களை எனக்குப் பிடிக்காது. கோயில், பூங்கா பக்கம் கட்டுபவர்கள் அரளிச் செடியைக் கவனியுங்கள். சில இலைகளே குதிரையைக் கொன்றுவிடும், உலர்ந்த இலையிலும் விஷம் குறையாது.

இனி குளம்பு.

குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். ஆகவே 6 அல்லது 8 வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். லாடம் தேயவில்லையே என்று விட்டுவைப்பது போலிச் சிக்கனம். வளர்ந்த குளம்பு காலின் கோணத்தையே மாற்றி, தசைநாணையும் மூட்டையும் கெடுக்கும். நல்ல லாடக்காரர் உயிரில்லாத வெளிப்புறக் குளம்பில்தான் ஆணியை இறக்குவார். ஓர் இழை உள்ளே போனாலும் குதிரை நொண்டும்.

தினமும் குளம்பைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் பழையவர்களிடம் இருந்தது. அடிப்பாகத்தின் நடுவில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறதே, ஈரமும் லத்தியும் மிதிபடும் லாயத்தில் அது அழுகும். கறுப்பாகக் கசியும், நாற்றம் குடலைப் புரட்டும். இதற்கு மயில்துத்தக் கரைசல் போடுவார்கள். பலன் உண்டு. ஆனால் தரை காயாத வரைக்கும் மயில்துத்தம் மட்டும் என்ன செய்யும்?

தீனியின் புளிப்பு குளம்புக்குப் போகும் என்று சொன்னேன் அல்லவா? குளம்பின் கொம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய மடிப்புகள் அழன்றுபோகும். தானியமூட்டை அவிழ்ந்து கிடந்து குதிரை இஷ்டத்துக்குத் தின்றுவிட்டால் ஓரிரு நாளில் இது வரும். முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி நிற்கும். குளம்பு தொட்டால் சுடும். திரும்பச் சொன்னால் திரும்பாது. இப்படி நிற்கும் குதிரையை ஆற்றிலோ குளத்துச் சேற்றிலோ நிறுத்துவது பழைய வைத்தியம். படித்தவர்கள் சிரித்த காலம் ஒன்று உண்டு. இப்போது பெரிய குதிரை மருத்துவமனைகளில் இதே நோய்க்குக் குளம்பைப் பனிக்கட்டியில் வைக்கிறார்கள், அதுவும் நோய் முற்றுவதற்கு முன்பே. சேற்றில் நிறுத்திய கிழவர் சரியான பாதையில்தான் இருந்திருக்கிறார்.

குளம்பில் ஆணி ஏறிவிட்டால் விஷயம் வேறு. குதிரையைப்போல ரணஜன்னிக்கு எளிதில் இரையாகும் வளர்ப்புப் பிராணி அநேகமாக வேறில்லை. அந்தக் கிருமி மண்ணிலும், குதிரையின் லத்தியிலுமே இருக்கிறது. காதுகள் விறைக்கும், வால் தூக்கி நிற்கும், வாய் திறக்காது, கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு சவ்வு வந்து பாதிக் கண்ணை மூடும். அந்தக் கட்டத்தில் பிழைப்பது அரிது. காயத்தில் சாணம் அப்புவது, மண் பூசுவது, இதெல்லாம் கிருமியை வரவேற்று உட்காரவைப்பது. தடுப்பூசி இருக்கிறது, விலையும் அதிகமில்லை. குதிரைக்குப் போட வேண்டிய ஊசிகளில் இதையே முதலாவதாகச் சொல்வேன்.

நம் நாட்டில் குதிரை சாத்திரங்கள் நிறைய உண்டு. சாலிஹோத்திரர் பெயரில் வழங்கும் வடமொழி நூல் பாரசீகத்துக்கும் திபெத்திய மொழிக்கும் போயிருக்கிறது. நகுலன் பெயரில் உள்ள அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் அச்சிட்டது. இந்த நூல்களில் தீனி, பருவம், லாயம் பற்றிய கவனிப்பு நுட்பமானது. கூடவே சுழி சாத்திரமும் பக்கம் பக்கமாக வரும். எந்த இடத்தில் மயிர் சுழித்தால் எசமானுக்கு லாபம், எங்கே சுழித்தால் நாசம் என்று. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் இன்றும் சுழி பார்த்துத்தான் விலை படிகிறது. பார்க்கட்டும், நம்பிக்கை அவரவருடையது. ஆனால் நெற்றிச் சுழியை அரைமணி நேரம் ஆராய்கிறவர், குதிரையைக் கெட்டித் தரையில் பத்தடி நடத்திப் பார்ப்பதில்லை. முன்கால் நோகும் குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். இதைப் பார்க்கக் காசா பணமா?

கைவிட வேண்டியவை என்று சொன்னேனே, அவற்றில் முதலாவது சூடு வைப்பது. காலின் தசைநாண் வீங்கினால் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் வரிவரியாகச் சுடுவது. 1983இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, தசைநாண் காயத்தில் இதனால் எந்தப் பலனும் இல்லை என்று தெளிவாகக் காட்டியது. சூடு வைத்த குதிரை குணமானது சூட்டினால் அல்ல, புண் ஆறும்வரை கிடைத்த ஓய்வினால். ஓய்வைச் சுடாமலே கொடுக்கலாமே! இரண்டாவது, இளங்குதிரையின் மேலண்ணம் முன்பல்லுக்குப் பின்னால் புடைத்திருக்கிறது என்று அதைக் கீறுவது, சுடுவது. பல் முளைக்கும் வயதில் அது இயல்பு, நோயே அல்ல. குதிரை சரியாக மெல்லவில்லை, பாதி மென்ற புல் உருண்டையாக வாயிலிருந்து விழுகிறது என்றால், கோளாறு கடைவாய்ப் பல்லில் இருக்கும். அதன் ஓரங்கள் கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழித்துக்கொண்டிருக்கும். மருத்துவரை அழைத்து அரத்தால் ராவிவிட்டால் போதும்.

தோல் விஷயத்தில் பழைய கைப்பக்குவத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். காலையும் மாலையும் தேய்த்து மாலிஷ் செய்வது அழகுக்கு மட்டுமல்ல. கை படும்போதுதான் வீக்கமும் சூடும் உண்ணியும் தெரியவரும். முன்னங்கால் மயிரில் மஞ்சள் புள்ளிகளாக ஈ முட்டையிடும். குதிரை அதை நக்கினால் புழு இரைப்பையில் போய் ஒட்டிக்கொள்ளும். கத்தி முனையால் அந்த முட்டைகளை வழித்தெடுத்த வண்டிக்காரர் ஒரு நோயையே வழித்தெடுத்தார். சேணப்புண்ணுக்கு உப்புத் தண்ணீரில் கழுவி வேப்பெண்ணெய் தடவுவது நல்லதுதான், ஈ அண்டாது. ஆனால் புண்ணை உண்டாக்கிய சேணத்தையே மறுநாளும் கட்டினால் எண்ணெய்தான் செலவாகும்.

மாணிக்கவாசகர் கதை எல்லோருக்கும் தெரியும். பாண்டியனுக்கு வந்த புதுக் குதிரைகள் இரவில் நரிகளாக மாறி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறின. பக்திக் கதைதான். கால்நடை மருத்துவர் ஒருவர் கேட்டால், வந்த அன்றே புதுக்குதிரையை ஏன் பழைய லாயத்தில் கட்டினீர்கள் என்றுதான் முதலில் கேட்பார். சந்தையில் வாங்கிய குதிரையை மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள், வாளியும் தூரிகையும் தனியாக இருக்கட்டும். தொண்டைக்கட்டி நோய் அப்படித்தான் பரவுகிறது. தாடைக்கடியில் கட்டி வீங்கி, மூக்கில் சீழ் வடியும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கட்டியைப் பழுக்க வைக்கும் பழைய முறையை மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

சர்ரா என்றொரு நோய் உண்டு. விட்டுவிட்டுக் காய்ச்சல், நன்றாகத் தின்றும் மெலிவு, காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம். இதன் கிருமியை 1880இல் கிரிஃபித் எவான்ஸ் என்பவர் பஞ்சாபில் குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் கண்டுபிடித்தார். கடிக்கும் பெரிய ஈக்கள் அதைப் பரப்புகின்றன. மாலையில் வேப்பிலைப் புகை போடுவது ஈக்களை விரட்டும், ஆனால் காற்றோட்டமில்லாத லாயத்தில் புகை போட்டால் நுரையீரல் கெடும்.

கிளாண்டர்ஸ் நோயில் மட்டும் கைவைத்தியம் அறவே கூடாது. மூக்கில் கெட்டியான சளி, தோலில் வரிசையாக முடிச்சும் புண்ணும். இது மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக் கூடியது. 2009ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி சந்தேகம் வந்ததுமே அரசுக் கால்நடைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். கசப்பான முடிவுதான், ஆனால் மறைத்து விற்கிறவர் அடுத்த வீட்டுக்காரரின் உயிரையும் சேர்த்து விற்கிறார்.

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. வேப்பேரியில் உள்ள அதன் மருத்துவமனையில் குதிரைகளுக்கும் சிகிச்சை உண்டு. தொலைவில் இருப்பவர்கள் 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். அழைக்கும்போது நான்கு விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: குதிரை கடைசியாக எப்போது தின்றது, எப்போது லத்தி போட்டது, நாடித் துடிப்பு எவ்வளவு, நீங்கள் ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தீர்கள். கடைசி விவரத்தை மட்டும் தயவுசெய்து மறைக்காதீர்கள்.